அடித்தண்ணீர்

பிப்ரவரி 12, புதன்

கடையில் இன்று அதிகம் போனது கொசுக்கடிக் களிம்பு. போஸ்ட்மாஸ்டர் மனைவி வாங்கும்போது, "உங்க வீட்டுக்காரர் குளத்துக்கு நாங்க கட்டற வரிங்க இது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே உறைமேல் எழுதிக் கொடுத்தேன் — காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, மெல்லிசாக. களிம்புக்கெல்லாம் யார் அளவு கேட்டார்கள்? மருந்துக்கடையில் நின்று நின்று கை தானாக எழுதுகிறது.

வீட்டுக்கு வந்தால் அவர் வழக்கம்போல் குளக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சொன்னது, மனசை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று. புத்தகம் படிக்கலாம், ரேடியோ கேட்கலாம். ஆயுசு முழுக்க பஸ் டிப்போவில் என்ஜினைப் பிரித்துப் போட்ட மனுஷனுக்கு அது போதுமா? வீட்டுக்குப் பின்னால் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த ஓடையை மண்ணும் கல்லும் போட்டு மறித்துக் குளமாக்கிவிட்டார். அமைதி அவருக்கு, கொசு ஊருக்கு. அண்ணனுக்கும் அவருக்கும் நடுவில் நடந்து நடந்து எனக்குக் கால்வலி.

பிப்ரவரி 16, ஞாயிறு

அண்ணன் பண்ணைக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஓடையோடு கீழே இறங்கி நடந்தால் அரைமணி நேரம். தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகத் தட்டுகள். ஓடையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு வழிந்து இறங்கும். தட்டுகளில் மீன்முட்டை. பொரித்த குஞ்சுகளும் தாய்மீன்களும் வெளியே சிமெண்ட் தொட்டிகளில். மோட்டார் கிடையாது, கரண்டு கிடையாது. "ஓடைதான் முதலாளி, நான் சூப்பர்வைசர்" என்பான் அண்ணன்.

இன்று அந்தச் சிரிப்பு இல்லை. "கையை விட்டுப் பாரு" என்றான். விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது.

"இது ஓடைத் தண்ணி இல்ல. யாரோ குளிச்சுட்டு மிச்சம் வெச்ச தண்ணி."

ஓடைக்குள் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினான். முன்பெல்லாம் கல்லின் அடியில் சின்னச் சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டு நெளியும். குளிர்ந்து ஓடுகிற தண்ணீரில்தான் அவை இருக்கும். மீனுக்குச் சாப்பாடும் அவைதான். இன்று கல்லில் பச்சை வழுவழுப்பு மட்டும். நாலைந்து கல்லைப் புரட்டினான். எல்லாவற்றிலும் அதே.

இரண்டு பேருக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. பார்த்தால் "வாங்க மாப்ளே", "என்ன மச்சான்" எல்லாம் உண்டு. குளம் கட்டிய புதிதில் ஒருநாள் "ஊர்த் தண்ணிய வீட்ல கட்டி வெச்சிருக்கீங்க" என்று அண்ணன் சொல்ல, "என் நிலத்துல ஓடுது, நான் கட்டறேன்" என்று இவர் சொல்ல, வார்த்தை தடித்துவிட்டது. அதிலிருந்து தண்ணீர்ப் பேச்சு மட்டும் நேராகக் கிடையாது. என் வழியாகத்தான்.

அண்ணன் இன்று சொல்லியனுப்பியது: "இத்தனை வருஷம் ரேடியேட்டர் பார்த்த மனுஷனுக்கு நின்ன தண்ணி சூடாகும்னு தெரியாதா? மண்டையில என்ன, ஆயிலா இருக்கு?"

வீட்டில் நான் சொன்னது: "தண்ணி கொஞ்சம் சூடா வருதாம்."

அவர் பதில்: "வழியுதுல்ல? ஒரு சொட்டு நான் குடிச்சேனா? வந்த தண்ணி மேலால வழிஞ்சு போயிட்டேதான் இருக்கு. உங்கண்ணனுக்கு எதுக்கெடுத்தாலும் மூக்கால அழணும்."

நாளை போனில் அண்ணனிடம் நான் சொல்லப்போவது: "யோசிக்கறேன்னு சொன்னார்."

பிப்ரவரி 25

கணுக்கால் வீக்கம். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 1, சனி

பல் டாக்டர் வந்திருந்தார். ஓடையில் எங்களுக்கு மேல்பக்கம் தோட்டம் வாங்கியிருப்பவர். குளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவரும் ஒன்று கட்டப்போகிறாராம், வாத்து விட.

இவருக்குக் கால் தரையில் இல்லை. கரை எவ்வளவு சாய்வாக இருக்க வேண்டும், மேலே வழிந்து போக வாய் எங்கே வெட்ட வேண்டும், அடியில் எதற்குக் குழாயும் வால்வும் — குளத்தைக் காலி பண்ண வேண்டிவந்தால் திறக்க — எல்லாம் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு உற்சாகமாக அவரைப் பார்த்ததில்லை. கெடுக்க மனசு வராமல் டீ போட்டுக் கொடுத்தேன்.

டாக்டருக்கும் மேலே மரக்கடைக்காரர் போன வருஷமே ஒன்று கட்டிவிட்டார். கேட்டால் ஒவ்வொருவரும் சொல்வது ஒன்றுதான் — "நம்மளோடது சின்னதுதானே." சின்னதுதான். ஓடை மட்டும் என்ன, பெரியதா? எட்டி வைத்தால் தாண்டிவிடலாம். ஒரு குளத்தில் காய்ந்து, அடுத்த குளத்தில் காய்ந்து, எங்கள் குளத்திலும் காய்ந்து மிச்சம்தான் இனி அண்ணனுக்கு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

மார்ச் 9

இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்பெட்டி. தபால்பெட்டியை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அண்ணன் பண்ணையில் அண்ணி இடுக்கி வைத்துக்கொண்டு முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். செத்த முட்டை வெள்ளையாகிவிடும். ஒன்று வெள்ளையானால் அதில் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும், அதனால் உடனே எடுத்துவிட வேண்டும். வழக்கமாக ஒரு கிண்ணத்தின் அடியைக்கூட மூடாது. இன்று கிண்ணம் நிரம்பி வழிந்தது.

நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். ஓடைத் தண்ணீர் சூடாவதும் குறைவதும் இப்படித்தான் தெரிகிறது, வெள்ளை வெள்ளையாக.

அண்ணி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "இந்த வருஷக் குஞ்சும் போச்சுன்னா மூடிடுவார். தீவனக் கம்பெனில ஆள் கேட்டிருக்காங்களாம். மூட்டை எடை போடற வேலை. என்கிட்ட சொல்லல, போன்ல யார்கிட்டயோ பேசினது காதுல விழுந்துது."

அண்ணனா? மூட்டை எடை போடவா? ஒரு மீனைத் தூக்கிக் காட்டினால் அதன் தாய் எந்தத் தொட்டி என்று சொல்கிறவன்.

மார்ச் 19

சொல்லிவிட்டேன். கழுவாமல், வடிகட்டாமல். "அண்ணன் பண்ணை மூடப்போறான். நம்ம குளத்தாலதான்."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. பல் டாக்டரைக் கேட்கச் சொல், மரக்கடைக்காரரைக் கேட்கச் சொல், வெயிலைக் கேட்கச் சொல், எல்லாத்துக்கும் நான்தான் கிடைச்சேனா... சொல்லிக்கொண்டே வந்தவர் கையை நெஞ்சில் வைத்துத் தடவினார். அவ்வளவுதான், என் வாய் மூடிக்கொண்டது. தண்ணீர் கொடுத்தேன், ஃபேனைப் போட்டேன்.

அவர் நெஞ்சைத் தடவினால் நான் அடங்கிவிடுவேன் என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் செய்கிறாரா? சீ, என்ன புத்தி எனக்கு. ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரியின் நீளத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவள்தானே நான்.

மார்ச் 27, வியாழன்

காலையில் அவரே கூப்பிட்டார். "இங்க வா, வந்து பாரு."

குளம் பச்சைப் பாயாகக் கிடந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு ஏற்கெனவே மல்லாந்துவிட்டன. அவர் ஒரு குச்சியால் பாசியை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"நின்னா எல்லாமே கெட்டுப்போகும்போல" என்றார் கடைசியில். "சரி. என்ன பண்ணணும்னு உங்கண்ணனக் கேட்டுட்டு வா."

நான் அழுதேன். அடுப்படியில், பாத்திரச் சத்தத்தில். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனுஷன் இறங்கி வந்தால் எனக்கு அழுகைதான் வருகிறது.

மார்ச் 30, ஞாயிறு

போனேன். அண்ணன் முதலில் நம்பவில்லை. "அந்த மனுஷனா கேட்டாரு?" பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து யோசித்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், பாதி எனக்குப் புரிந்தது.

"மேலால வழியறது வெயில்ல காஞ்ச தண்ணி. அடித்தண்ணி குளிர்ச்சியா இருக்கும். வால்வத் திறந்து அத விட்டா ஓடை குளிரும். ஆனா இத்தனை நாளா அடில நின்ன தண்ணி, இலையும் சகதியும் அழுகிக் கிடக்கும். அத ஒரேயடியா விட்டா விஷம். உங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்பேனர் கையில கெடச்சா கண்ணு தெரியாது, மாடு மாதிரி திருகுவாரு. அந்த எருமைகிட்ட சொல்லு, கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கணும். கால்வாசித் திருகு, அதுக்கு மேல கூடாது. அன்னன்னைக்கு என்னைக் கேட்டுட்டுத்தான் அடுத்த திருகு."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம். கால் வலிகூடத் தெரியவில்லை.

மார்ச் 31, திங்கள்

நேற்று வந்ததும் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன சொன்னான்?"

"அடித்தண்ணி குளிர்ச்சியா இருக்குமாம். அடிவால்வத் திறந்துவிட்டா ஓடை குளிர்ந்துடுமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் முகம் எப்படி மலர்ந்தது. "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன உங்கண்ணனுக்கு" என்றார். வால்வுக்குக் கிரீஸ் போட வேண்டும் என்று டப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டார். ராத்திரி நன்றாகத் தூங்கினார். நானும் தூங்கினேன்.

ஏப்ரல் 2, புதன்

அண்ணி போன் செய்தபோது கடையில் நான் ஒரு பெரியவருக்கு மாத்திரை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "கறுப்பா வருது" என்றாள். "என்னது?" "தண்ணி. கறுப்பா வருது. சீக்கிரம் வா." எதை எழுதிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை, பெரியவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

ஓடையை நெருங்கும்போதே நாற்றம். அழுகிய முட்டை நாற்றம். கறுப்புத் தண்ணீர், மை மாதிரி, நுரையோடு, கரையில் இருந்த புல்லையெல்லாம் சாய்த்துக்கொண்டு. ஒவ்வொரு தட்டாக இறங்கி, ஒவ்வொரு தொட்டியாக நிறைந்து. அண்ணன் குழாய் வாயில் சாக்கை அடைத்துக்கொண்டு நின்றான், இடுப்பு வரை சகதி. அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. குஞ்சுகள் தொட்டி ஓரங்களில் வெள்ளிச் சரிகை மாதிரி ஒதுங்கிக் கிடந்தன. தாய்மீன்கள் இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடின. அண்ணி ஒவ்வொன்றாகத் தூக்கி வாளித் தண்ணீரில் விட்டாள். வாளியிலும் செத்தது.

இவரும் வந்து சேர்ந்தார். ஓடையோடு ஓடி வந்திருக்கிறார், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. "மச்சான், குளிர்ந்த தண்ணி போகட்டும்னுதானே முழுசாத் திறந்தேன். இப்ப மூடிட்டேன். மூடிட்டேன் மச்சான்."

அண்ணன் மெதுவாக நிமிர்ந்தான். "கொஞ்சம் கொஞ்சமா திறக்கணும்னு சொல்லியனுப்பினேனே."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு — ஐயோ, எனக்கு அப்போதுதான் உறைத்தது. எருமை, மாடு, கண்ணு தெரியாது — அந்தத் திட்டையெல்லாம் வடிகட்டினேன். அதோடு சேர்த்துக் 'கொஞ்சம் கொஞ்சமா'வையும் வடிகட்டிவிட்டேன். வருவோர் போவோருக்கெல்லாம் உறைமேல் அளவு எழுதிக் கொடுக்கிறவள். களிம்புக்குக்கூட எழுதுகிறவள். என் அண்ணன் கொடுத்த ஒரே ஒரு அளவைச் சொல்லாமல் விட்டேனே. பாவி நான்.

"சொன்னா மச்சான்" என்றார் அவர். "அவ சொன்னா. நான்தான் காதுல போட்டுக்கல."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அண்ணன் இவரைப் பார்த்தான், பிறகு தொட்டியைப் பார்த்தான். "சரி சார்" என்றான். "நீங்க வீட்டுக்குப் போங்க. வெயிலா இருக்கு."

ஏப்ரல் 3

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்றது? நீங்க அண்ணன் தங்கச்சி. நான் வெளிய இருந்து வந்தவன், என்மேல திட்டு ஒட்டாது."

"அவன் திட்டவே இல்லையே."

மாத்திரை போட்டாரா என்று கேட்டேன். போட்டாராம்.

ஏப்ரல் 4

கடையில் அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். பயந்துகொண்டே உறையை வாங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 13

மேற்கோடித் தொட்டியில் மட்டும், கறுப்புத் தண்ணீர் வந்த அன்று காலை அண்ணன் தண்ணீர் மாற்றிக் குழாயை அடைத்துவைத்திருந்தானாம். அதில் இருந்த தாய்மீன்கள் பிழைத்தன. வேறு ஒன்றும் பிழைக்கவில்லை. தீவனக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்துவிட்டான். காலை பஸ், மாலை பஸ். பண்ணையை அண்ணி பார்த்துக்கொள்கிறாள், பார்க்க என்ன இருக்கிறது.

இவர் குளத்தைக் காலி பண்ணிவிட்டார். இந்த முறை கால் திருகு, கால் திருகாக. வால்வுக்குப் பக்கத்திலேயே நாற்காலி. இப்போது அங்கே குளமும் இல்லை, ஓடையும் இல்லை, வெடித்த சேறு. சேற்றுக்கு நடுவில் நூல் மாதிரித் தண்ணீர்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சந்தையில் அண்ணன் எதிரே வந்தான். "சௌக்கியமா சார்?" என்று இவரைக் கேட்டுவிட்டு, என்னிடம் "கால் வீக்கம் வடிஞ்சுதா?" என்றான். என்னிடம் எப்போதும்போல. அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே இவர் சொன்னார்: "டிப்போவுலகூட என்னை யாரும் சார்னு கூப்பிட்டதில்ல தெரியுமா. கிளீனர் பசங்ககூட அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க." சிரிக்கப் பார்த்தார். ராத்திரி சாப்பிடவில்லை.

ஊரையே எதிர்த்து நின்ற மனுஷன் ஒரு 'சார்' என்ற வார்த்தைக்கு உடைந்துபோனார். என்னால்.

மே 2

பல் டாக்டர் வீட்டுக்கு இவர் போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறார், குளம் வேண்டாம், நான் பட்டது போதும் என்று. "நிச்சயமா யோசிக்கலாம் சார், ரொம்ப முக்கியமான விஷயம்" என்றாராம். கழுவுற மீனில் நழுவுற மீன். கரை பாதி எழும்பிவிட்டது, வாத்துகளும் ஏற்கெனவே வந்துவிட்டன. பார்த்துவிட்டு வந்து சொன்னார், நல்ல வாத்துகள்தானாம்.

மே 11, ஞாயிறு

இன்று போனேன். இனியும் தாங்காது.

அண்ணன் காலித் தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். எதற்குக் கழுவுகிறான் என்று கேட்கவில்லை. நின்றபடியே சொன்னேன். "நீ கொஞ்சம் கொஞ்சமானு சொன்னத நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல. அவர் காதுல போட்டுக்காம இல்ல. நான்தான் சொல்லல. எனக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டார்."

அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"எருமைன்னு சொல்லியனுப்பினேன். மாடுன்னு சொல்லியனுப்பினேன். அது காதுல விழுந்திருந்தா அந்த மனுஷன் அன்னைக்கே செருப்ப மாட்டிக்கிட்டு இங்க சண்டைக்கு வந்திருப்பாரு. வரலையே. அன்னைக்கு ராத்திரியே யோசிச்சேன், இவ சொல்லல போலிருக்குன்னு. சின்ன வயசுலேருந்தே நீ இப்படித்தான், அப்பா என்னைத் திட்டினா பாதிய முழுங்கிட்டு வந்து சொல்லுவ. மறுநாள் போன் பண்ணிக் கேட்கலாம்னு நெனச்சேன். வேலையில மறந்துட்டேன்."

"தெரிஞ்சுமா அவரை சார்ங்கற?"

இப்போதுதான் தட்டைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் கையைத் துடைத்தான்.

"யார் மேலயாவது கோவப்படணும்ல. தாய்மீன் ஒவ்வொண்ணும் நான் வளர்த்தது. உன்ன எப்படித் தள்ளிக் கூப்பிடறது? தங்கச்சிக்கு வேற என்ன இருக்கு கூப்பிட? அதான் அவர சார்னு கூப்பிட்டேன்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்து ஒரு தட்டை என் பக்கம் தள்ளினான். கழுவிக் கொடுத்தேன்.

மே 25, ஞாயிறு

கரையை எடுத்துவிடுவது என்று இவர் முடிவு செய்துவிட்டார். நானாகச் சொல்லவில்லை. "மழை வரதுக்குள்ள எடுக்கணும். இல்லேன்னா மறுபடி தண்ணி கட்டிக்கும், எனக்கும் மறுபடி ஆசை வரும்" என்றார். எப்படி எடுப்பது என்று அண்ணனைக் கேட்டு வரச் சொன்னார். குரலில் பழைய உறுதி இல்லை.

அண்ணன் சொன்னதை இந்த முறை ஒரு எழுத்து விடாமல் கொண்டுவந்தேன். வாசலில் நின்று, மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "கரைய ஒரேயடியா உடைச்சா உள்ள இருக்கற சேறு மொத்தமும் கீழ வந்து ஓடையப் புதைச்சிடும். முதல்ல சேத்த வாரி வெளியே போடணும். அப்புறம் மேலேருந்து ஒரு கை அளவு, ஒரு கை அளவா கரையக் குறைக்கணும். அந்தக் கிழட்டு எருமைக்கு மண்வெட்டி கையில கெடச்சா ஓடையையே வெட்டி வித்துடும், பொறுமைன்னா கிலோ என்ன விலைன்னு கேட்கும், அதுகிட்ட யாரு சொல்லிப் புரியவைக்கறது."

அவர் முகம் சிவந்தது. "எருமையா? கிழட்டு எருமையா?"

"ஆமா. அப்படித்தான் சொன்னான்."

செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். நான் தடுக்கவில்லை. கை நெஞ்சுக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்தேன். போகவில்லை, இரண்டு கையும் வீசிக்கொண்டு நடந்தார். அவர் மறையும்வரை நின்றிருந்தேன், பிறகு ஈரத்துணியைக் காயப்போட்டேன்.

திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது. "என்ன ஆச்சு?" என்றேன். "என்ன ஆகும், கத்தினேன். அவனும் கத்தினான். அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்னான்." சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 8

மேலே வாத்துக்குளத்திலிருந்தும் மரக்கடைக்காரர் குளத்திலிருந்தும் வருவது இன்னும் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. எங்கள் குளம் போனதால் பாதிதான் சரியாகும் என்கிறான் அண்ணன். பாதிக்கே முதுகு உடைகிறது.

ஜூன் 15, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறாக இருவரும் பின்னால் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். சேறு எல்லாம் மேட்டில் ஏறிவிட்டது. கரை இன்னும் முழங்கால் உயரம்.

டீ எடுத்துக்கொண்டு போனேன். சத்தம் அடுப்படிக்கே கேட்டது.

"மெதுவா வெட்டச் சொன்னேன்ல?"

"மெதுவாத்தான் வெட்டறேன்."

"இதுவா மெதுவா? கையில இருக்கறது மண்வெட்டியா புல்டோசரா?"

"உனக்குத் தெரிஞ்சா நீ வெட்டு. சும்மா கரையில நின்னுக்கிட்டு..."

"நான் வெட்டினா நீங்க எதுக்கு?"

மாப்ளேயும் கேட்கவில்லை, சாரும் கேட்கவில்லை. காது கொடுத்துக் கேட்டேன். பெயரே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு டம்ளரையும் கல்மேல் வைத்தேன். "டீ" என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை.

உள்ளே வந்து காலை நீட்டிப் படுத்தேன். சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, ஆனாலும் தூங்கிவிட்டேன்.